எழும்பூர் முதல் காசிமேடு வரை: விலங்குகளைப் பார்க்கப் பழக விரும்புவோருக்கு

கல்லூரி ஒன்றின் விலங்கியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இதெல்லாம் நிஜமா?” நிஜம்தான், பாடம் செய்த விலங்கின் கண் மட்டும் கண்ணாடி. அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு: “எனக்கும் இதில் ஆர்வம் இருக்கிறது, எங்கே தொடங்குவது?” அந்தச் சிலருக்காக இதை எழுதுகிறேன். பட்டப்படிப்பு வேண்டாம், விலையுயர்ந்த கேமரா வேண்டாம். முதுமலைக்கும் டாப்சிலிப்புக்கும் இப்போதைக்கு டிக்கெட் எடுக்கவும் வேண்டாம். சென்னைக்குள்ளேயே ஓராண்டுக்குக் குறையாத வேலை இருக்கிறது.

சீட்டு எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்

அருங்காட்சியகத்தில் எங்கள் கண் முதலில் போவது விலங்கின் மீதல்ல, அதன் சீட்டின் மீது. எங்கே கிடைத்தது, எந்த நாளில், யார் எடுத்தது என்ற மூன்றும் எழுதியிருந்தால் கடுகளவு வண்டுகூட ஆதாரமாகிவிடும். எழுதாமல் விட்டால் புலியே ஆனாலும் அது வெறும் அலங்காரப் பொருள். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறார்கள். தெரிந்தவுடன் நிம்மதியாகிப் போய்விடுகிறார்கள். பெயர் கடைசியில் வந்தால் போதும். மழைக்காலத்தில் நம் மதில்களில் ஊரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை நான் படித்தபோது ‘அக்காட்டினா’ என்றார்கள், இப்போது ‘லிசக்காட்டினா’. பெயர் தவறாக இருந்தால் பின்னால் வரும் அறிஞர் திருத்திக்கொள்வார். நீங்கள் எழுதாமல் விட்ட நாளையும் இடத்தையும் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் வாங்குங்கள். பேனா வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ஆல்கஹாலில் ஊறும் மாதிரிகளின் சீட்டை ஜாடியின் வெளியே ஒட்டுவதோடு நாங்கள் நிறுத்துவதில்லை, உள்ளேயும் ஒன்றைப் போடுவோம். வெளிச்சீட்டு இந்த ஊர்ப் புழுக்கத்தில் உரிந்து விழும். பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் அரித்துவிடும். உள்ளே போடுவதைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் மை கரைந்து ஜாடி முழுவதும் நீலம் பாரித்து, கையில் மிஞ்சுவது வெற்றுத்தாள். பென்சில் எழுத்து கரையாது. மழையில் நனைந்த நோட்டிலும் நிற்கும்.

எப்படி எழுதுவது? இப்படி: “பெசன்ட் நகர் கடற்கரை, அலை ஓரத்திலிருந்து பத்தடி மேலே. 12 ஜனவரி, காலை 6.20. மேகமூட்டம். நண்டு, முதுகு இரண்டு விரல் அகலம், மணல் நிறம், கண்ணுக்கு மேல் கொம்புபோல் ஒரு முனை. வளைக்குள் ஓடிவிட்டது.” ஆண்டையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் விட்டுவிடுவது அதைத்தான். “அழகான நண்டு” என்று எழுதினால் அது உங்களைப் பற்றிய குறிப்பு, நண்டைப் பற்றியதல்ல.

செல்பேசியில் படம் எடுத்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவோடு ஒன்று. அளவுகோல் இல்லாத நேரத்தில் பத்து ரூபாய் நாணயத்தை அருகே வையுங்கள்; அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கிடைத்தால் நல்லது. பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பொருளை அதன் அருகே கொண்டுவர வேண்டும். எட்ட நின்று துப்பறிவாளர்போல் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்குள்ளேயே பயிற்சி

முதல் வாரம் வெளியே போகவே வேண்டாம். இரவில் ஜன்னல் கண்ணாடியின் மறுபக்கத்தில் பல்லி ஒட்டியிருக்கும்போது அதன் அடிப்பாதத்தைப் பாருங்கள். விரலின் கீழே வரிவரியாகத் தகடுகள் தெரியும். ஒவ்வொரு தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. பல்லியைத் தாங்குவது அவைதான். பசையோ உறிஞ்சலோ அதில் கிடையாது.

மின்விசைப் பலகையிலோ கதவு மூலையிலோ குளவி கட்டிய மண்கூடு இல்லாத சென்னை வீடு அரிது. அது வந்தால் வீட்டில் தொட்டில் ஆடும் என்று நம் பாட்டிகள் அதைக் கலைக்க விடமாட்டார்கள். குஞ்சு வெளியேறி ஓட்டை விழுந்த பழைய கூடாகப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளின் மேல் உடையுங்கள். அறை அறையாகப் பிரிந்திருக்கும். சில அறைகளில் குளவி வளராமலே போயிருக்கும். அங்கே உலர்ந்த சிலந்திகள் குவிந்து கிடந்தால் அது ஒருவகைக் குளவி, கம்பளிப்புழுக்கள் கிடந்தால் வேறு வகை. தாய்க்குளவி கொட்டுவது கொல்வதற்கல்ல, செயலிழக்கச் செய்வதற்கு. இறந்தால் இரை அழுகிவிடும். அசையாமல் உயிரோடு கிடந்தால் முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கடைசிவரை புதிய உணவு. தாளில் விழுந்த சிலந்திகளை எண்ணுங்கள், இனம் பிரியுங்கள், நோட்டில் எழுதுங்கள். விலங்கியல் ஆய்வு என்பதும் பெரும்பாலும் இந்த வேலைதான்.

ஆப்பிரிக்க நத்தையை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைவரை போகக்கூடிய ஒட்டுண்ணிப் புழுவை அது சுமந்திருக்கலாம். மதிலில் அது மேய்வதற்குக் காரணம் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு.

எழும்பூரில் ஒரே ஒரு கூடம்

பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. நாட்டில் கொல்கத்தாவுக்கு அடுத்த பழமை அதற்கு. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பல்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்ட மனிதர் அவர். 1855இல் அங்கே அவர் தொடங்கிய விலங்குக் காட்சிதான் ஊருக்குள் இடம் மாறி, கடைசியில் 1985இல் வண்டலூரில் போய் நிலைத்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைத் தெரிந்துகொள்ளாமல் வாசல்வரை வந்து திரும்புபவர்கள் நிறையப் பேர். வளாகம் பெரியது. வெண்கலச் சிலைகள், அமராவதிச் சிற்பங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் காலில் வலிதான் மிஞ்சும். அவற்றை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டு நேராக விலங்கியல் பகுதிக்குப் போங்கள். அங்கேயும் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள்.

திமிங்கல எலும்புக்கூட்டின் முன் நின்று இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். முதலாவது கழுத்து. மண்டைக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் முள்ளெலும்புகளை எண்ணுங்கள். கழுத்தே இல்லாததுபோல் தோன்றும் திமிங்கலத்துக்கும் கழுத்து எலும்பு ஏழுதான். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, உங்களுக்கும் ஏழு. பாலூட்டிகளில் ஓரிரு விலக்குகளே உண்டு. இரண்டாவது துடுப்பு. வெளியே மீன் துடுப்புபோல் இருந்தாலும் உள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று கையின் எலும்புகள் வரிசையாக இருக்கும். பின்பு வௌவால் எலும்புக்கூடு எங்கிருக்கிறது என்று தேடி, அதே எலும்புகள் அங்கே குடைக்கம்பிபோல் நீண்டிருப்பதைப் பாருங்கள். பரிணாமத்தைப் பற்றிப் பத்து வகுப்புகளில் நான் சொல்வதை இந்த இரண்டு கைகளும் அரைமணி நேரத்தில் சொல்லிவிடும்.

ஜாடிகளில் இருப்பவை எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறதே என்று பலருக்கு ஏமாற்றம். ஃபார்மலினும் ஆல்கஹாலும் உடலைக் காக்கும், நிறத்தைக் காக்காது. ஆகவே ஜாடியில் நிறத்தைத் தேடாமல் வடிவத்தைத் தேடுங்கள். கட்டுவிரியன் ஜாடி இருந்தால் குனிந்து முதுகின் நடுவரிசைச் செதில்களைப் பாருங்கள். பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். அதேபோல் பட்டைகள் கொண்ட, நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு இந்த வரிசை கிடையாது. பட்டைகளும் உதவும்: கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே மங்கி, வால் பக்கம் போகப்போகத் தெளியும், வெள்ளிக்கோல் வரையனுக்கு நேர்மாறு. இந்தச் சோதனை ஜாடிக்கு மட்டுமே. வீட்டில் பாம்பு வந்தால் செதில் எண்ணிக்கொண்டிருக்காமல் தள்ளி நின்று, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

பாடம் செய்த பழைய விலங்குகள் வெளியே இருந்தாலும் தொடவேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க அக்காலத்தில் உலகெங்கும் தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசினார்கள். கண்ணாடிப் பெட்டி விலங்கை உங்களிடமிருந்து காப்பது பாதி, உங்களை விலங்கிடமிருந்து காப்பது பாதி.

மீன் சந்தைதான் பெரிய கூடம்

என்னைக் கேட்டால் சென்னையின் ஆகச்சிறந்த விலங்கியல் காட்சிக்கூடம் காசிமேடு. ஒவ்வொரு விடியலிலும் மாதிரிகள் மாறுகின்றன, நிறம் மங்காமல் இருக்கின்றன, விளக்கம் சொல்ல ஆளும் உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நொச்சிக்குப்பத்துக்கோ சிந்தாதிரிப்பேட்டைக்கோ போகலாம். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வியாபாரம் சூடாக நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், சற்று ஓய்ந்ததும் கால் கிலோவாவது வாங்கிவிட்டு, “அக்கா, இது எந்த ஆழத்தில் கிடைப்பது?” என்று கேளுங்கள். எந்தக் காற்றுக்கு எது வரும் என்பதுவரை சொல்வார்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். நாகப்பட்டினத்தில் அதே மீனுக்கு வேறு பெயர் இருக்கும், ஆகவே இடத்தையும் சேர்த்து.

நண்டிலிருந்து தொடங்குவது எளிது. முதுகில் மூன்று வட்டப் புள்ளிகள் இருந்தால் முக்கண் நண்டு, சிலுவைக் குறி இருந்தால் சிலுவை நண்டு. திருப்பி வயிற்று மடிப்பைப் பாருங்கள்: ஒடுங்கிய முக்கோணம் என்றால் ஆண், அகன்ற மடிப்பு என்றால் பெண். அகன்றிருப்பது முட்டைகளை அதற்கடியில் சுமப்பதற்காக.

அடுத்து நாக்கு மீன். தட்டையான அதன் ஒரே பக்கத்தில் இரண்டு கண்களும் இருக்கும். குஞ்சாக நீந்தும்போது மற்ற மீன்களைப்போல் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளரும்போது ஒரு கண் மண்டையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய்ச் சேர்கிறது. மீனும் கடலடியில் ஒருக்களித்துப் படுத்துவிடுகிறது. மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெளுத்துக் கிடக்கும். மேலே தெரியாத பக்கத்துக்கு நிறம் எதற்கு?

கத்தாளை மீன் வாங்கினால் தலையை வெட்டி எறிய விடாதீர்கள். குழம்பில் வெந்தபின் மண்டையைப் பிளந்து மூளைக்குக் கீழ்ப்புறம் விரலால் துழாவினால் பீங்கான்போல் வெளுத்த இரண்டு கற்கள் அகப்படும். அவை காதுக்கற்கள். மீனுக்குக் கேட்பதற்கும் நிலை தடுமாறாமல் நீந்துவதற்கும் அவை வேண்டும். கத்தாளை ஒலி எழுப்பும் இனம். காதுக்கற்களும் மற்ற பல மீன்களைவிடப் பெரிதாக இருக்கும். இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். தலைப்பிரட்டை வடிவப் பள்ளம் ஒன்று ஒரு பக்கத்தில் பதிந்திருக்கும். மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிர்நாட்டு மீன்களில் அவை ஆண்டுக் கணக்கைச் சொல்லும். நம் கடலில் பருவ வேறுபாடு குறைவு என்பதால் ஆண்டு வளையம் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. ஆனால் இளமைப் பருவத்தில் நாளுக்கொரு மெல்லிய வளையம் விழுகிறது. மீன்வளத் துறையினர் வயது கணக்கிடுவது இப்படித்தான். கல்லைக் கழுவி உலர்த்தி, சிறு காகிதப் பையில் போட்டு, மீனின் நீளத்தையும் வாங்கிய நாளையும் மேலே எழுதுங்கள். சட்டச் சிக்கலோ செலவோ இல்லாத முதல் சேகரிப்பு உங்கள் கையில்.

கடற்கரையில் ஓட்டைச் சிப்பி

திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரை எதுவானாலும் சரி. குப்பை வாரும் வண்டி வருவதற்கு முன் போய்விட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் ஒதுங்குவது அதிகம்.

அலை விட்டுப்போன கோட்டில் சிப்பிகளைப் புரட்டிக்கொண்டே நடந்தால், துளைக்கருவியால் போட்டதுபோல் வட்ட ஓட்டை விழுந்த ஓடுகள் அகப்படும். சிறுமிகள் அவற்றைத்தான் முதலில் பொறுக்குவார்கள், நூலில் கோக்க வசதி. ஓட்டையின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். வெளிப்புறம் அகன்று உள்ளே போகப்போகக் குறுகி, திருகாணித் தலை உட்காரும் குழிபோல் சரிந்திருந்தால், அதைப் போட்டது பெரும்பாலும் நிலவு நத்தை என்ற கொலையாளி. அமிலம் தடவிச் சிப்பியின் ஓட்டினை இளக்குவதும், பல் பதித்த நாக்கால் அராவுவதுமாக மாற்றி மாற்றிச் செய்து, மணிக்கணக்கில் துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்கிறது. பக்கங்கள் நேராக இறங்கினால் முள்சங்கு வகையாக இருக்கலாம். பாதித் துளைத்துக் கைவிட்ட ஓடுகளும் கிடைக்கும். எனக்கு அவைதான் விருப்பம், ஏன் விட்டுவிட்டுப் போனது என்று யோசிக்க வைப்பதால். ஐம்பது ஓடுகளைப் பொறுக்கி எத்தனையில் ஓட்டை என்று எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் எண்ணுங்கள்.

1920 முதல் 1940 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி, மதராஸ் கடற்கரையில் ஒதுங்கும் சங்கு சிப்பிகளை வகைப்படுத்தி 1941லும் 1942லும் அருங்காட்சியக வெளியீடாகவே பட்டியலிட்டார். இன்று உங்கள் நோட்டில் எழுதுவதை அதோடு ஒப்பிட முடிகிறது என்றால், அவர் இடத்தையும் நாளையும் குறித்து வைத்ததால்தான்.

நீலநிறத்தில் பளபளக்கும் ஊதுபை போன்ற எதையும் தொடாதீர்கள். கரையில் காய்ந்து கிடந்தாலும் கொட்டும்.

எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

இதில் நான் கறாரான ஆள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ள விலங்குக்கு மட்டுமல்ல, இறந்ததன் உறுப்புக்கும் பொருந்தும். பவளம், கடற்குதிரை, சில பெரிய சங்குகள், சில வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் பட்டியலில் உள்ளவை. கடற்கரைக் கடையில் விற்கிறார்களே என்பது வாதமல்ல. பறவை முட்டை, கூடு, ஆமை ஓடு, பாம்புச் சட்டை எதைக் கண்டாலும் படமும் குறிப்பும் போதும். சாதாரணச் சிப்பி, கணவாய் ஓடு, சமையலறையில் மிஞ்சும் மீன் எலும்பு, குளவிக்கூடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலியான ஓடாகத் தோன்றினாலும் உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

சிப்பிகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். வார்னிஷ் அடிக்காதீர்கள். எலும்பை ப்ளீச்சில் போட்டால் பொடியாகும். ஃபார்மலின் வீட்டுக்குள் வரவே கூடாது. புற்றுநோய் உண்டாக்கும் ஆவி அது. இறந்துகிடந்த வண்டை வைக்க விரும்பினால் இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். டப்பாவின் அடியில் பழுப்புத்தூள் உதிர்ந்தால் அருங்காட்சியக வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். டப்பாவோடு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உயிருள்ளவற்றோடு, மற்றவர்களோடு

கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. 1972 முதல் அங்கே இயங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை, 1976 முதல். இரண்டையும் குழந்தைகளுக்கான இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பறவைக்குப் பள்ளிக்கரணை: 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, பெற்ற சதுப்புநிலம், பக்கத்திலேயே குப்பைமேடு. இரண்டையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். மதராஸ் இயற்கையாளர் சங்கம் 1978 முதல் இருக்கிறது. தெரிந்தவர்களோடு ஒரு காலை நடந்தால் காதும் கண்ணும் வேறு மாதிரி திறக்கும். பொங்கலை ஒட்டித் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் மொட்டை மாடியிலிருந்தே பதினைந்து நிமிடம் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம். காகத்தையும் அண்டங்காக்கையையும் பிரித்து எழுதத் தெரிந்தாலே நல்ல தொடக்கம். மற்ற உயிரினங்களுக்கு ஐ-நேச்சுரலிஸ்ட் என்ற தளம் இருக்கிறது. அங்கேயும் இடமும் நாளும் இல்லாத படத்துக்கு மதிப்பில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவில் நடந்து, கூடுகளைத் தேடி முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறது, பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்காமல், பேசாமல் வரவேண்டும். ஆமையே தென்படாத இரவுகளும் உண்டு. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்த ஆமைகள் ஒதுங்கின. எங்கே எத்தனை என்று நடந்து நடந்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் அது செய்தியானது.

ஐப்பசி, கார்த்திகையில் நத்தையும் தவளையும் வீடு தேடி வரும். மார்கழி, தையில் பள்ளிக்கரணையும் ஆமை நடையும். கோடையில் வெளியே நின்றால் மயக்கம் வரும். எழும்பூருக்கு அதுதான் ஏற்ற காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்பதால் விசைப்படகு மீன் வராது, நாட்டுப்படகில் கரையோரம் பிடித்தவை மட்டும் கிடைக்கும். எது குறைந்தது, எது குறையவில்லை என்று எழுத நல்ல வாய்ப்பு. தடை முடிந்து படகுகள் திரும்பும் முதல் வாரத்தில் காசிமேட்டில் கூட்டம் நெரியும். வெறுமனே பார்ப்பதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் ஏலம் நடக்கும் இடத்தில் நோட்டைத் திறந்துகொண்டு வழியை மறித்து நிற்காதீர்கள்.